நொடிக்கு இருபத்துநான்கு

அந்த நடுக்கம் காலை ஐந்து பத்துக்கு ஆரம்பித்து ஆறரைக்கு நின்றது. மறுபடியும் மாலை மூன்று மணிக்கு மேல் ஆரம்பித்து ஐந்தரைக்குள் நின்றது. ஐந்து நாளாக இதே கதைதான். துமினிக்கு இதுதான் விளங்கவில்லை. மலை எப்போது வேண்டுமானாலும் நடுங்கும். ஆனால் கடிகாரம் பார்த்து நடுங்குமா?

அர்காசேலா மலை வெடிக்க ஆரம்பித்து அன்றோடு இருபத்துமூன்று நாள். உச்சியில் புது எரிமலைக் குழம்பு பிதுங்கி வந்து, ஓடாமல் அங்கேயே இறுகி, குவிமாடம் போல ஏறி நின்றது. அடியிலிருந்து இன்னும் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் ஓரங்கள் உடைந்து விழும். கொஞ்சமாக உடைந்தால் வெறும் கல் உருளும். பெரிதாக உடைந்தால் கல்லும் சாம்பலும் கொதிக்கும் காற்றும் ஒன்றாகக் கலந்து, மோட்டார் சைக்கிளால் முந்த முடியாத வேகத்தில் பள்ளத்தாக்கில் இறங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் கம்பளிச் சுருள் உருண்டு வருவது போல இருக்கும். அதனால் அந்தப் பக்கத்தில் அதற்குச் சுருட்டை ஆடு என்று பேர். மலைக்குப் பேர் தாத்தா. "தாத்தா ஆட்டை அவுத்துவிட்டாரு" என்று ரேடியோவில் ஒருவர் சொன்னால், கேட்டவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

உச்சிக்குத் தெற்கே ஒன்பது கிலோமீட்டரில் இருந்தது கண்காணிப்பு நிலையம். துமினிக்கு அங்கே பதினான்கு வருட வேலை. கூட வேலை பார்த்த கஸ்மாடி அவளைவிட ஆறு வருடம் மூத்தவர். ஓயாமல் கிராம்பு சிகரெட் பிடிப்பார். அதைவிட அதிகமாகப் பேசுவார். ஐந்து நாளாக உச்சியை மேகம் மூடிக் கிடந்தது. தொலைநோக்கியில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆகவே இருவருக்கும் கண் என்று மிச்சமிருந்தது நடுக்கமானி மட்டும்தான்.

நடுக்கமானி ஒன்றும் பெரிய மந்திரமில்லை. ஒரு கனமான குண்டைச் சுருள்வில்லில் தொங்கவிட்டு மண்ணில் புதைத்திருப்பார்கள். பூமி அசையும்போது பெட்டியும் அசையும். குண்டு மட்டும் சோம்பேறியைப் போல இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நொடிக்கு நூறு தடவை அளந்து ரேடியோ வழியே கீழே அனுப்பும். இங்கே சுழலும் காகித உருளையில் ஒரு முள் அதைக் கோடாக வரையும். அதே எண்கள் கணினிக்கும் போகும். கல் உருண்டால் கோடு மெல்லப் பருத்து மெல்ல இளைக்கும். பாறை உள்ளே முறிந்தால் சட்டென்று குத்தி நிற்கும். பழகியவர்கள் கையெழுத்தைப் படிப்பது போல அதைப் படிப்பார்கள்.

இப்படி இரண்டு கருவிகள் வேலை செய்தன. ஒன்று, உச்சியிலிருந்து நாலரைக் கிலோமீட்டரில் வோனோசோகா குக்கிராமத்தை ஒட்டி மேட்டில் இருந்த புச்சாங் கருவி. மற்றது மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருந்த கெடுங் கருவி. புரியாத அந்த நடுக்கம் புச்சாங்கில் மட்டுமே வந்தது. கோட்டின் மேல் மயிர் முளைத்தது போல மெல்லிசாகப் படர்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்து, கத்தரித்த மாதிரி நிற்கும். கெடுங்கில் அதன் நிழல்கூட இல்லை.

"தாத்தா சர்க்கார் உத்தியோகத்துல சேந்துட்டாரு போல," என்றார் கஸ்மாடி, சோற்றுப் பொட்டலத்திலிருந்த கடைசித் தெம்பே சோயா வறுவல் துண்டை வாயில் போட்டுக்கொண்டு. "காலைல ஒரு டூட்டி, சாயங்காலம் ஒரு டூட்டி. நடுவுல நல்லா தூங்குறாரு."

"சிரிக்காதீங்கண்ணே. பதிவேட்டுல என்ன எழுதுறது?"

"அஞ்சு நாளா எழுதுறதுதான். சின்ன நடுக்கம், காரணம் தெரியல. நம்ம ரெண்டு பேருக்கும் பொருத்தமான வாசகம்."

ஆனால் அவர் கண் சிரிக்கவில்லை. முதல் வாரம் நாளுக்கு நாற்பது கல்லுருட்டல். நேற்று நூற்று எண்பது. இன்று மதியத்துக்குள்ளேயே நூற்று முப்பது. இந்த வெடிப்பில் குவிமாடம் இரண்டு தடவை பெரிதாக உடைந்திருந்தது. இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் நடந்தது: கல்லுருட்டல்கள் நெருங்கி நெருங்கி, இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி, அதிலிருந்து அரை மணிக்குள் ஆடு இறங்கியது. இரண்டு தடவையும் உயிர்ச்சேதம் இல்லை. ஏழு கிலோமீட்டருக்குள் இருந்த ஊர்களை எல்லாம் முன்பே காலி செய்திருந்தார்கள். வோனோசோகாக்காரர்கள் கீழே பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தார்கள். துமினி பிறந்த ஊர் அது. அவள் தம்பி கியாந்தோவும் அவன் மனைவி ரத்மியும் அந்த மண்டபத்தில்தான் இருந்தார்கள். "மேல போக மாட்டேன்க்கா, சத்தியம்" என்று அவன் அவள் கையில் அடித்துக் கொடுத்திருந்தான்.

மூன்று ஐந்துக்கு மயிர் முளைத்தது.

துமினி கணினி முன் உட்கார்ந்தாள். கலந்து கிடக்கும் பயறுகளை அளவு வாரியாகச் சலிப்பது போல, ஒரு நடுக்கத்தை அது நொடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்று பிரித்துப் பார்க்க வழி உண்டு. ஐந்து நாளாக அவள் சலித்தது மலை ஆடும் வேகத்தை மட்டும்தான். எரிமலையின் நடுக்கம் பெரும்பாலும் நொடிக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அடங்கும். அதற்கு மேலிருப்பதைக் காற்று, மழை, லாரி என்று தள்ளிவிடுவது வழக்கம். இன்று எதையும் தள்ளாமல் மொத்தத்தையும் சலித்தாள்.

ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே மலை வழக்கம்போலக் குமுறிக்கொண்டிருந்தது. அதற்கு வெகு மேலே, இருபத்துநான்குக்குப் பக்கத்தில், தனியாக ஒரு கூர்முனை நின்றது. அதைப் பெரிதாக்கினாள். அது ஒன்றல்ல, ஐந்து. இருபத்துநான்கு புள்ளி இரண்டு, மூன்று, நாலு, ஆறு, ஏழு. ஐந்து மெல்லிய கம்பிகள்.

இருபத்துநான்கு. நொடிக்கு இருபத்துநான்கு தடவை சுற்றுவது எது?

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கம்பி கீழே சரிந்தது. இருபத்துநான்கு புள்ளி ஆறிலிருந்து இருபத்துமூன்று புள்ளி ஒன்பது. நாலைந்து நொடி அங்கேயே முக்கியது. பிறகு ஏறிப் பழைய இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி சரிந்தது. பிறகு இன்னொரு கம்பி சரிந்தது.

ஏதோ ஒன்றைத் திணிக்கிறார்கள். திணிக்கும்போது திணறுகிறது. விழுங்கியதும் பழையபடி ஓடுகிறது.

துமினி மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை திசை மாறும். வீட்டு மோட்டார்களில் சாதாரணமானது நாலு துருவ மோட்டார். அது அதில் பாதி வேகத்தில், அதாவது நொடிக்கு இருபத்தைந்து தடவை சுற்றப் பார்க்கும். ஆனால் ஒருநாளும் இருபத்தைந்தை எட்டாது. கொஞ்சம் பின்தங்கினால்தான் அதற்கு இழுக்கும் வலுவே வரும். சுமை கூடினால் இன்னும் பின்தங்கும். இருபத்தைந்துக்குச் சற்றுக் கீழே நின்று, சுமை ஏறும்போதெல்லாம் சரிவது மலை அல்ல. மின்சார மோட்டார்.

"அண்ணே, இது மலை இல்ல. மாடு."

"மாடு நடுங்குதா?"

"மாட்டுக்குப் புல்லு வெட்டுற மிஷின். கட்டு கட்டா உள்ள தள்ளுறாங்க, பாருங்க, இங்க இறங்குது, ஏறுது. காலைல அஞ்சு மணி, சாயங்காலம் மூணு மணி. பால் கறக்குற நேரம்ணே இது! என் ஊர்ல பொறந்த நாள்லேர்ந்து கேட்டுட்டு வர்ற நேரம், எனக்குத் தெரியாம போச்சே!"

கஸ்மாடி சிகரெட்டைக் கீழே வைத்தார். "அஞ்சு மிஷின்னா…"

"அஞ்சு தொழுவம். தொழுவத்துக்கு ரெண்டு பேருன்னாலும் பத்துப் பேர். ஆடு வர்ற வழியில."

மாடுகளை யாரும் கீழே கொண்டுவரவில்லை. மண்டபத்தில் மனிதர்களுக்கே இடமில்லை. கறவை மாட்டைக் கறக்காமல் விட்டால் ஒரே நாளில் மடி கல்லாகிவிடும். அதை வைத்துப் பிழைக்கிறவனிடம், போகாதே என்றால் தலையை ஆட்டுவான், பிறகு போவான். முதலில் இருந்த வைக்கோலைப் போட்டிருப்பான்; அது தீர்ந்து ஐந்து நாளாகத்தான் மிஷின். ஒவ்வொரு கட்டுப் புல்லுக்கும் புச்சாங் கருவி அதை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டிருந்தது. அவள்தான் படிக்கவில்லை.

ஐந்தில் ஒரு கம்பி மற்றவற்றைவிடக் கீழே இருந்தது. ஒவ்வொரு கட்டுக்கும் ரொம்பவும் சரிந்து, ரொம்ப நேரம் கழித்து எழுந்தது. போன வருடம் கியாந்தோவின் மோட்டார் புகைந்து, கம்பிச் சுருளை மாற்றிக் கட்டினான். அன்றிலிருந்து அது ஆஸ்துமாக்காரனைப் போலத்தான் ஓடுகிறது என்று அவனே சிரித்துச் சொல்லியிருக்கிறான்.

கியாந்தோவைக் கூப்பிட்டாள். செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ரத்மியைக் கூப்பிட்டாள்.

"ரத்மி, அவன் எங்க?"

"யாரு அண்ணி?"

"யாரா? உன் புருசன்! எனக்கு வேற எத்தன தம்பி?"

"அவரு… இங்கதான் கீழ ஆத்தோரம் புல்லறுக்க…"

"பொய் சொல்லாத. அவன் மிஷின் ஓடுறது என் கண்ணு முன்னால தெரியுது."

மறுமுனையில் ரத்மி அழுதாள். "செவலை மாடு கன்னு போட்டு நாலு நாள்தான் அண்ணி ஆகுது. நான் வேணாம்னுதான் சொன்னேன். ஒரு மணி நேரத்துல வந்துருவேன்னாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு…"

துமினி போனை வைக்கவில்லை, கையிலிருந்து நழுவவிட்டாள். கஸ்மாடி உருளையின் முன் எழுந்து நின்றதைப் பார்த்துத்தான்.

கல்லுருட்டல்கள் ஒட்ட ஆரம்பித்திருந்தன. ஒன்று இளைப்பதற்குள் அடுத்தது பருத்தது. மணி மூன்று இருபத்திரண்டு.

"அரை மணி," என்றார் கஸ்மாடி. "போன தடவை இருபத்தெட்டு நிமிஷம்."

"சங்கை ஊதுங்க."

வோனோசோகா பள்ளிவாசல் கம்பத்தில் அபாயச் சங்கு இருந்தது. தனி பேட்டரியில் ஓடுவது. இங்கிருந்து ரேடியோவில் ஒரு பொத்தானை அழுத்தினால் அங்கே அலறும். நன்றாக வேலை செய்தது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் சோதித்தார்கள். கஸ்மாடி அழுத்தினார். சங்கு ஊதுகிறது என்று பச்சை விளக்கு எரிந்தது. இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

ஐந்து கம்பிகளும் அப்படியே நின்றன.

ஒரு கம்பி சரிந்தது. ஏறியது. யாரோ இன்னொரு கட்டுப் புல்லைத் திணித்தார்கள்.

"மறுபடி ஊதுங்க!"

ஊதினார். பச்சை விளக்கு எரிந்தது. ஆஸ்துமாக்கம்பி சரிந்து, முக்கி, மெல்ல எழுந்தது.

"அவனுக்குக் கேக்கலண்ணே," என்றாள் துமினி. "தகரக் கொட்டாய்க்குள்ள, தகரப் பெட்டிக்குள்ள பிளேடு சுத்துது. பக்கத்துல நிக்கிறவன் பேசுனாலே கேக்காது. சங்கும் கேக்காது, போனும் கேக்காது. அவன் இடுப்புல தொங்குற ரேடியோவும் கேக்காது."

திரையில் அந்தக் கம்பிகள் தெரிகிறவரை மேலே ஆள் இருக்கிறது. அந்தக் கம்பிகள் தெரிகிறவரை அந்த ஆளுக்குக் காது இல்லை. இரண்டையும் ஒரே கோடு சொல்லிக்கொண்டிருந்தது.

கெந்து பாலத்துச் சோதனைச் சாவடியைக் கூப்பிட்டு, தன் தம்பியோடு பத்துப் பேர் மேலே இருப்பதைச் சொன்னாள். வோனோசோகாவுக்கு மூன்று கிலோமீட்டர் கீழே இருந்தது அது; மாட்டுக்காரர்கள் அதைச் சுற்றிக் குறுக்குப் பாதையில் ஏறியிருக்க வேண்டும். அங்கிருந்த ராணுவக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார்: "மேடம், ஆடு எறங்குற மாதிரி இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. இப்ப நான் யாரை மேல அனுப்ப? போய்ச் சேர எட்டு நிமிஷம், சாம்பல் சேறு. திரும்பி வர எட்டு நிமிஷம். என் பசங்களுக்கும் அக்கா இருக்காங்க." அவர் சொன்னது நியாயம்தான். மூன்று இருபத்தெட்டு.

அந்த மோட்டார்களை யாராவது நிறுத்த வேண்டும். டீசல் மெஷினாக இருந்தால் கை வைத்தால்தான் நிற்கும். ஆனால் இவை டீசல் இல்லை. இவை ஏன் ஓடுகின்றன? மூன்று வாரமாக ஆளில்லாத ஊரில் மின்சாரம் ஏன் இருக்கிறது?

இருப்பதற்குக் காரணம் அவள்தான்.

வெடிப்பின் ஆறாம் நாள் புச்சாங் கருவியின் சூரியத் தகடுகளை ஒரு சாண் உயரத்துக்குச் சாம்பல் மூடியது. போய்த் துடைக்க முடியாது. ஊருக்கு வரும் மின்கம்பியிலிருந்து கருவிக்கு ஒரு கிளைக் கம்பி ஏற்கெனவே இருந்தது. காலி செய்த ஊர் என்று மின்வாரியம் மொத்தத்தையும் அணைக்கவிருந்த நேரத்தில், துமினி கடிதம் எழுதினாள். புச்சாங் கருவி அணைந்தால் நாங்கள் குருடர்கள். அந்த இணைப்பை எக்காரணம் கொண்டும் துண்டிக்கக் கூடாது. எக்காரணம் என்பதன் கீழே அழுத்தமாகக் கோடும் போட்டிருந்தாள்.

"அண்ணே, கரண்டை நிறுத்தச் சொல்லப் போறேன்."

கஸ்மாடிக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. "புச்சாங்கும் சேந்து அணைஞ்சிரும். தெரியுமில்ல?"

"அதுக்குள்ள ஒரு பேட்டரி இருக்கு."

"நாலு வருஷத்துக் கிழட்டு பேட்டரி! போன தடவை கரண்டு போனப்ப பதினோரு நிமிஷம் தாங்குச்சு. அதுக்கப்புறம் நமக்கு கெடுங் மட்டும்தான். கெடுங்குல தெரியிறதுக்குள்ள ஆடு பாதி வழி வந்துரும். தலைமை அலுவலகம் நம்ம தோலை உரிச்சிரும். இந்த நேரத்துல கண்ணை நாமளே குத்திக்கிறதா?"

"யாருக்காக அந்தக் கண்ணு?" என்று கத்தினாள் துமினி. பதினான்கு வருடத்தில் அவரிடம் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை. "மண்டபத்துல இருக்குறவங்களுக்கு ரெண்டு நிமிஷம் முன்னால தெரிஞ்சா என்ன, பின்னால தெரிஞ்சா என்ன? அவங்க பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்காங்க. அந்த ரெண்டு நிமிஷம் மலை மேல இருக்குறவனுக்குத்தான் வேணும். அவனுக்குக் காது இல்லாதப்ப நமக்குக் கண்ணு இருந்து என்ன புண்ணியம்?"

கஸ்மாடி ரேடியோவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

பாலத்துச் சாவடியில் மின்வாரியத்து ஆள் ஒருவர் நாள்பூராவும் காவலிருந்தார். பேர் த்ரிமோ. வோனோசோகாவுக்கு மின்சாரம் ஏறும் முதல் கம்பம் சாவடியை ஒட்டியே நின்றது. அதன் உச்சியில் பியூஸ் குழல் தொங்கும். நீளமான காப்புக் கழியின் கொக்கியால் அதைப் பிடுங்கிவிட்டால் மேலே மொத்த ஊரும் அணைந்துவிடும். பத்து நொடி வேலை.

"செய்யக் கூடாதும்மா," என்றார் த்ரிமோ. "கடுதாசி என் சட்டைப் பையிலயே இருக்கு. பிளாஸ்டிக் உறை போட்டு வச்சிருக்கேன். எக்காரணம் கொண்டும்னு எழுதியிருக்கு. அடிக்கோடு வேற."

"அந்த அடிக்கோடு நான் போட்டது."

"நீங்களா?"

"அடியில பேரைப் படிங்க."

காகிதம் சரசரத்தது. "துமினி… கண்காணிப்பாளர்."

"நான்தான் துமினி. அந்தக் கடுதாசியை நானே கிழிக்கிறேன். மேல பத்துப் பேர் இருக்காங்க, மிஷின் சத்தத்துல சங்கு கேக்க மாட்டேங்குது. கரண்டு நின்னா மிஷின் நிக்கும், மிஷின் நின்னா சங்கு கேக்கும். பிடுங்குங்க, அய்யா. உங்க கால்ல விழுறேன்."

"கால்லல்லாம் விழ வேணாம்மா," என்றார் த்ரிமோ. "கழியை எடுக்குறேன், இருங்க."

மூன்று முப்பத்துமூன்று. திரையில் ஐந்து கம்பிகள் ஒரே நேரத்தில் வழுக்கி விழுந்தன. இருபது, பதினைந்து, எட்டு, ஒன்றுமில்லை. உருளையில் கோட்டின் மேல் முளைத்திருந்த மயிர் மழித்தது போல மறைந்தது. அது மறைந்ததும், அதுவரை அதன் அடியில் மறைந்து கிடந்த மலையின் உண்மையான கோடு வெளியே வந்தது. துமினி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னச் சின்ன உருட்டல்கள் எதையும் அவர்கள் எண்ணவே இல்லை. இடைவெளி எப்போதோ தீர்ந்து போயிருந்தது.

"ஊதுங்கண்ணே! விடாம ஊதுங்க!"

கஸ்மாடி பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. துமினி ரேடியோவில் தம்பியின் அலைவரிசைக்கு மாற்றினாள். "கியாந்தோ! கியாந்தோ, பதில் சொல்லு! கியாந்தோ!"

கரகரப்பு. பிறகு, யாரோ எரிச்சலோடு: "…எவன்டா கரண்டைப் பிடுங்குனது, பாதிப் புல்லு உள்ள…" குரல் பாதியில் நின்றது. அதற்குப் பின்னால், தூரத்தில், சங்கின் அலறல் கேட்டது. அவன் ரேடியோ வழியாக அவளுக்கே கேட்டது.

"அக்கா?"

"தாத்தா ஆட்டை அவுக்கப் போறாரு. ஓடு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடு!"

"செவலை… கன்னு…"

"கயித்தை அறுத்து விட்டுட்டு ஓடுடா, நாயே!"

ரேடியோ அணைந்தது. அவன் அணைத்தானா, விழுந்து உடைந்ததா, தெரியவில்லை.

சாம்பல் சேற்றில் எட்டு நிமிடப் பாதை. த்ரிமோ பாலத்தில் நின்றுகொண்டு ரேடியோவில் வண்டிகளை எண்ணினார். மூன்று நாற்பத்தொன்றுக்கு இரண்டு. மூன்று நாற்பத்திரண்டுக்கு இன்னும் மூன்று, ஒன்றில் மூன்று பேர். துமினி எதிரே கிடந்த காகிதத்தில் கோடு போட்டாள். ஒன்பது பேர். பத்துப் பேர். "உங்க தம்பி என்ன வண்டி?" என்று த்ரிமோ கேட்டார். "சிவப்பு. பின்னால பால் கேன் கட்டியிருக்கும்." "இன்னும் வரலம்மா."

மூன்று நாற்பத்து நாலுக்குப் புச்சாங் கோட்டில் ஒரு சின்ன இழுப்பு. அதோடு முள் நேராக ஓடத் தொடங்கியது. சுத்தமான, நேரான, ஒன்றும் சொல்லாத கோடு. கிழட்டு பேட்டரி இந்தத் தடவையும் பதினோரு நிமிடம்தான் தாங்கியது.

இருவரும் கெடுங் முள்ளின் பக்கம் திரும்பினார்கள். அது சோம்பலாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கஸ்மாடி விரலை இன்னும் சங்குப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை. மூன்று நாற்பத்தெட்டுக்குக் கெடுங் கோடு பருத்தது. பருத்தபடியே இருந்தது. இளைக்கவில்லை.

"இறங்கிருச்சு," என்றார் கஸ்மாடி.

துமினி ரேடியோவை நெற்றியில் அழுத்திக்கொண்டாள். ஒரு நிமிடம். இன்னொரு நிமிடம். பாலத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. த்ரிமோ ஓடியிருப்பார், ஓட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அம்மா," என்றார் த்ரிமோ. அவர் குரலுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளின் உறுமல். "சிவப்பு. கேனு இல்ல. மடியில கன்னுக்குட்டியை வச்சுக்கிட்டு வர்றான் பைத்தியக்காரன். நாங்களும் கிளம்புறோம்."

துமினி காகிதத்தில் பதினோராவது கோட்டைப் போட்டாள். கஸ்மாடி அப்போதுதான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். விரல் வெளிறி, பள்ளம் விழுந்திருந்தது.

ஆடு வோனோசோகாவின் மேல்வரிசையோடு நின்றது. ஆறு தொழுவங்கள் எரிந்தன. அவற்றில் கட்டப்பட்டிருந்த மாடுகளைப் பற்றி ஊர்க்காரர்கள் அப்புறம் பேசவே இல்லை. கீழ்வரிசையில் பதினேழு மாடுகள் பிழைத்தன. புச்சாங் மேடும் தப்பியது. மலை ஓயவில்லை. குவிமாடம் மறுநாளே திரும்ப வளரத் தொடங்கியது.

பதினேழு மாட்டுக்கும் மடி கனக்கும் என்பது துமினிக்குத் தெரியும். எத்தனை சத்தியம் வாங்கினாலும் அவர்கள் போவார்கள் என்பதும் தெரியும். ஆகவே மறுநாள் பதிவேட்டில் அவள் போகாதே என்று எழுதவில்லை. தலைமை அலுவலகத்துக்கும் மின்வாரியத்துக்கும் சேர்த்து இப்படி எழுதினாள்:

காலை ஐந்து முதல் ஏழு வரை, மாலை மூன்று முதல் ஐந்தரை வரை, வோனோசோகா இணைப்பின் பியூஸைப் பாலத்தில் பிடுங்கி வைக்கவும். மற்ற நேரத்தில் மாட்டி வைக்கவும். அந்த நாலரை மணி நேரத்துக்குப் புச்சாங் கருவி இரண்டு லாரி பேட்டரிகளில் ஓடும். மாடு பார்க்கப் போகிற முதல் ஆளிடம் அவற்றைக் கொடுத்தனுப்புகிறோம். புல்லை அரிவாளால் வெட்டிக்கொள்ளட்டும். அரிவாள் சத்தம் போடாது, சங்கு கேட்கும்.